உமிச்சாம்பலில் இருந்து சிலிக்கா: காஸ்டிக் வாய்க்காலுக்குப் போகாமல் செய்யும் முறை

ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அந்த உமியை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. மன்னார்குடிப் பக்கம் புழுங்கல் அரிசி மில் நடத்துகிற குடும்பம் எங்களுடையது. நான் படித்தது எம்.எஸ்சி. வேதியியல். பாய்லரில் இருந்து தினமும் வெளியே வரும் சாம்பல் செங்கல் சூளைக்குப் போகும், மீதி ரோட்டோரம் கொட்டப்படும், காற்றடித்தால் தெரு முழுக்கப் பறக்கும். நாம் பல் தேய்க்கும் பேஸ்ட்டில், செருப்பின் சோலில், மாத்திரை டப்பாவில் கிடக்கும் சின்னப் பொட்டலத்தில் இருப்பதும் இதே சிலிக்காதான். உமிச்சாம்பலில் எடுத்த சிலிக்காவை டயரில் சேர்க்கப் போவதாக குட்இயர் நிறுவனம் 2015லேயே அறிவித்துவிட்டது.

செய்முறை பலருக்கும் தெரியும். சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு) வேகவைத்து, வடிகட்டி, கந்தக அமிலம் ஊற்றினால் சிலிக்கா வீழ்ந்துவிடும். வேதியியலில் பிழை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் சாம்பலைக் கரைக்க 80 கிராம் காஸ்டிக் போடுகிறோம். அதை அமிலத்தால் சமன் செய்தால் 142 கிராம் சோடியம் சல்பேட் உருவாகும். கையில் வருவது அதிகபட்சம் 90 கிராம் சிலிக்கா. எடுத்த பொருளைவிட வெளியே ஊற்றும் உப்பு அதிகம். அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனால், வாய்க்காலில் இருந்து வயலுக்குப் போனால், மண்ணில் சோடியம் ஏறும். நிலம் களராவது என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவசாயக் கழிவில் இருந்து எடுத்தோம் என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமானதாகிவிடாது. கடைசியில் வடிகாலில் என்ன போகிறது என்பதை வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

அதனால் கீழே எழுதியிருக்கும் முறையில் அமிலத்துக்குப் பதில் கரியமில வாயு வருகிறது, காஸ்டிக் திரும்பவும் பாத்திரத்துக்கே வருகிறது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமிச்சாம்பலுக்கென்றே இந்தச் சுற்றை உருவாக்கியிருக்கிறார்கள். நான் அதை 100 கிராம் சாம்பல் அளவுக்குச் சுருக்கி எழுதுகிறேன். கல்லூரி ஆய்வகத்திலோ மில்லில் ஒதுக்குப்புறமான கொட்டகையிலோ செய்யலாம். சமையலறையில் வேண்டாம். பிள்ளைகள் நடமாடும் இடத்திலும் வேண்டாம்.

முதலில் சாம்பலைப் பற்றி. எல்லாமே அதில்தான் இருக்கிறது.

நெற்பயிர் தண்ணீரோடு சிலிக்காவையும் வேர்வழி உறிஞ்சி, உமியின் வெளிப்புறத்தில் சேர்த்து வைக்கிறது. அந்தச் சிலிக்கா படிகமாக இல்லாமல் ஒழுங்கற்ற அமைப்பில் இருக்கிறது. அதனால்தான் அது காஸ்டிக்கில் எளிதில் கரைகிறது. மணலும் சிலிக்காதான், ஆனால் அது படிகம். மணலில் இருந்து சோடியம் சிலிக்கேட் எடுக்க வேண்டுமென்றால் சோடா ஆஷோடு (சோடியம் கார்பனேட்) சேர்த்து 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். நமக்கு 100 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும். பயிர் செய்துகொடுத்த இந்த உதவியை நாம் எரிக்கும்போது கெடுத்துக்கொள்ளக் கூடாது. 800 டிகிரியைத் தாண்டினால் உமிச் சிலிக்காவும் படிகமாக மாறத் தொடங்கும். அப்புறம் காஸ்டிக்கில் சரியாகக் கரையாது. அது மட்டுமில்லை, படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலைப் பாழாக்கும். அதைச் சுவாசிப்பது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே வகைப்படுத்தியிருக்கிறது. எனவே எந்தச் சாம்பலைத் தொட்டாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். சாம்பலை லேசாக நனைத்துவிட்டுக் கையாளுங்கள்.

எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு இந்த விஷயம் தீயின் நிறத்திலேயே தெரியும். "செவப்பா இருக்கறப்பவே இழுத்துடணும் பாப்பா. மஞ்சளாச்சுன்னா அது உனக்கு ஒதவாது" என்பார். அவர் சொல்வது சரி. வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் 600, 700 டிகிரிக்குள் இருக்கிறது. ஆரஞ்சு, மஞ்சள் என்று போனால் 900ஐத் தாண்டிவிட்டது.

பாய்லர் சாம்பலையே எடுக்கலாமா என்று கேட்பீர்கள். எடுக்கலாம், சோதித்துவிட்டு. 5 கிராம் சாம்பலை 100 மில்லி தண்ணீரில் 8 கிராம் காஸ்டிக் கரைத்த கரைசலில் ஒரு மணி நேரம் சூடாக வைத்துக் கிளறுங்கள். வடிகட்டி, கழுவி, மிஞ்சியதைக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு கிராமுக்குள் மிஞ்சினால் அருமையான சாம்பல். இரண்டரை கிராமுக்கு மேல் மிஞ்சினால் ஒன்று கரி அதிகம், இல்லையென்றால் படிகமாகிவிட்டது. மிஞ்சியது கறுப்பாக இருந்தால் கரி. வெளிறிப்போய் நறநறவென்று இருந்தால் படிகம், அதோடு மெனக்கெடாதீர்கள். சாம்பல் வியாபாரி சொல்லும் தரத்தைவிட இந்தச் சோதனையை நம்புங்கள்.

வெள்ளை வெளேரென்ற சிலிக்கா வேண்டும் என்றால் உமியில் இருந்தே தொடங்குங்கள். அரை கிலோவுக்குச் சற்று அதிகமாக உமி எடுத்தால் 100 கிராம் சாம்பல் கிடைக்கும். தவிடும் குறுநொய்யும் கருக்காவும் போகும்படி சலித்து, தண்ணீரில் அலசி மண்ணை நீக்குங்கள். பிறகு உமி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு இதிலேயே வந்துவிடும். இரண்டாவதாக, லிட்டருக்கு 20 முதல் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதுதான் பழைய வழக்கம். அதன் புகை, அரிப்பு, கழுவிய தண்ணீரில் குளோரைடு எல்லாம் தேவையில்லாத தலைவலி. சிட்ரிக் ஆசிட்டே போதும் என்று ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பொட்டாசியத்தை ஏன் இவ்வளவு துரத்துகிறோம்? எரியும்போது அது சிலிக்காவின் மேற்பரப்பை உருகவைத்து, உள்ளே இருக்கும் கரியை மூடிவிடும். மூடிய கரிக்குக் காற்றுப் போகாது. எவ்வளவு நேரம் எரித்தாலும் சாம்பலில் கறுப்புப் புள்ளிகள் அப்படியே நிற்கும். கழுவிய உமியையும் கழுவாத உமியையும் பக்கத்துப் பக்கத்தில் எரித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

சிட்ரிக் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த ஈடு உமிக்கும் அது ஆகும். இனி முடியாது என்ற நிலையில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, எருக்குழியில் விடுங்கள். அதில் இருப்பது பொட்டாசியமும் கால்சியமும்தான், சோடியம் இல்லை. செருப்பு சோலுக்கோ ரப்பர் பாய்க்கோ போகிற சிலிக்கா என்றால் இந்த சிட்ரிக் கட்டத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கொஞ்சம் மங்கலாக இருந்தால் அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. தேவைப்படாத ரசாயனத்தை வாங்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான முறை.

கழுவிய உமியை வெயிலில் உலர்த்தி, உலையில் ஓர் அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்புங்கள். 300, 400 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, புகை அடங்கிய பிறகு 600 முதல் 650க்கு உயர்த்தி நான்கு மணி நேரம் விடுங்கள். காற்று போய்வர வழி வேண்டும். உமி ஒரு கிலோவுக்கு 3,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் எரிபொருள். மில்லில் செய்பவர்கள் இந்த வெப்பத்தை வீணாக்காமல் அடுத்த கட்டத்தில் காஸ்டிக் கரைசலைச் சூடாக்கப் பயன்படுத்தலாம்.

காஸ்டிக் கட்டம்

கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், தீப்பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் 80 கிராம் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே பாத்திரம் சுடும். அந்தச் சூடு அடங்குவதற்கு முன்பே 100 கிராம் சாம்பலைச் சேர்த்தால் கொஞ்சம் விறகு மிச்சம். கண்ணில் தெறித்தால் வேறெதையும் யோசிக்காமல் தண்ணீரால் 20 நிமிடமாவது தொடர்ந்து கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

90 டிகிரிக்கு மேல் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கிளறுங்கள். மூடி போட்டுக்கொள்ளுங்கள், வற்றிய தண்ணீரை அவ்வப்போது ஈடு செய்யுங்கள். சூடாக இருக்கும்போதே இரண்டு மடிப்பு காடாத்துணியில் வடிகட்டுங்கள். ஆறவிட்டால் கனமாகி வடியாது. கீழே இறங்குவது சோடியம் சிலிக்கேட் கரைசல். நன்றாக எரிந்த சாம்பல் என்றால் நிறமில்லாமல் இருக்கும், கரி அதிகம் என்றால் தேநீர் நிறம் வரும். துணியில் தங்கிய கறுப்பு மண்டியை வெந்நீர் விட்டு இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கழுவிய நீரையும் கரைசலோடு சேர்த்துவிடுங்கள், அதிலும் காஸ்டிக் இருக்கிறது. மண்டியைக் காயவைத்தால் பெரும்பாலும் கரிதான். நிறமுள்ள தண்ணீரைத் தெளியவைக்க உதவும்.

வாயு ஏற்றுவது

கரைசலை 60, 70 டிகிரியில் வைத்துக்கொண்டு, கிளறியபடியே கரியமில வாயுவை அடியில் விட வேண்டும். இந்த அளவுக்குத் தேவை 44 கிராம், அதாவது 24 லிட்டர் வாயு. குமிழிகளில் பாதிக்கு மேல் கரையாமல் தப்பிப் போகும் என்பதால் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்குவது? கோலி சோடா, பன்னீர் சோடா போடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு சிலிண்டர் தருகிறவரே உங்களுக்கும் தருவார். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் திறக்கக் கூடாது, அறையின் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மில்லில் பெரிய அளவில் செய்தால் பாய்லர் புகையையே தண்ணீரில் கழுவி, தூசி நீக்கி ஏற்றலாம். அதிலும் இந்த வாயு இருக்கிறது.

வாயுவை நுண்குமிழியாக்க மீன்தொட்டிக் கல்லைப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். சிலிக்கா அதன் துளைகளிலேயே படிந்து அடைத்துவிடும். விரல் கனமுள்ள குழாயே நல்லது. அதன் முனையையும் இடையிடையே குச்சியால் தட்டிவிட வேண்டும்.

இனி கரைசலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் வெகுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். கரைசலின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12ல் இருந்து மெல்ல இறங்கும். 10ஐ நெருங்கும்போது, பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இலேசான நீலம் ஓடும். அதுதான் முதல் துகள்கள் பிறக்கும் நேரம். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் அரிசி களைந்த தண்ணீராய் வெளுக்கும். பிறகு கரண்டி கனக்கும். குமிழியின் சத்தம்கூட மாறும், களகளவென்று வந்தது மொத் மொத்தென்று உடையும். அவசரப்பட்டு வாயுவைக் கூட்டாதீர்கள். கிளறுவதையும் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கட்டியாகி நடுவில் காஸ்டிக் சிறைப்பட்டுவிடும்.

பிஎச் 9க்கும் 9.5க்கும் இடையில் நிறுத்துங்கள். இது முக்கியம். இன்னும் ஏற்றினால் சோடியம் கார்பனேட் மேலும் மேலும் பைகார்பனேட்டாக மாறும். அப்புறம் அதைக் காஸ்டிக்காகத் திருப்ப இரட்டிப்புச் சுண்ணாம்பு செலவாகும். பிஎச் தாளே போதும், மீட்டர் இருந்தால் நல்லது.

கோவை ஃபவுண்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வினை புதிதல்ல. மணலில் சிலிக்கேட் கலந்து அச்சு பிடித்து, வாயு விட்டு இறுக்குகிறார்களே, அதே வினைதான். அங்கே இறுக வேண்டும், இங்கே உதிர வேண்டும். சூடாக, கிளறிக்கொண்டே செய்தால் உதிரியான பொடி வரும். ரப்பருக்கும் பேஸ்ட்டுக்கும் அதுதான் வேண்டும். ஈரம் உறிஞ்சும் கட்டி வேண்டுமென்றால் ஆறிய கரைசலில் மெதுவாக வாயு விட்டு, கனக்கத் தொடங்கியதும் கிளறுவதை நிறுத்தி ஓர் இரவு விட்டுவிடுங்கள். இந்த வகையில் மட்டும் கட்டியாவது நமக்கு வேண்டியதே. காலையில் வெட்டித் துண்டாக்கி, இரட்டிப்பு நேரம் கழுவுங்கள்.

வீழ்ந்த சிலிக்காவைத் துணியில் வடித்து, முதலில் வடியும் நீரைப் பத்திரமாகத் தனியே வையுங்கள். அதில்தான் உங்கள் காஸ்டிக்கில் பெரும்பகுதி சோடியம் கார்பனேட்டாக இருக்கிறது. முதல் கழுவலையும் அதனுடன் சேருங்கள். அடுத்தடுத்த கழுவல்கள் நீர்த்துப்போனவை. அவற்றை அடுத்த ஈட்டில் சாம்பல் மண்டியைக் கழுவ வைத்துக்கொள்ளலாம். மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் நல்லது, போர்வெல் தண்ணீரின் கால்சியம் சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். எப்போது கழுவி முடிந்தது என்று பார்க்க, குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்ட வருகிறவர்கள் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். உள்ளே விடும் நீருக்கும் வடியும் நீருக்கும் மீட்டர் காட்டும் எண்கள் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். நிழலில் ஒரு நாள், பிறகு 100, 110 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள்.

காஸ்டிக்கைத் திரும்ப எடுப்பது

பல செய்முறைகள் இதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. எனக்கு இந்தக் கட்டம்தான் பெரிது.

சேர்த்து வைத்த நீரில் ஏறக்குறைய 106 கிராம் சோடியம் கார்பனேட் இருக்கும். அதற்குக் கணக்குப்படி 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். கடைச் சுண்ணாம்பு அவ்வளவு சுத்தமில்லை, 90 கிராம் போடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கைக்கவசத்தோடு, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே தெளிந்து நிற்பது காஸ்டிக் கரைசல், அடியில் படிவது கால்சியம் கார்பனேட். தெளிவை ஆடாமல் இறுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். காற்று பட்டால் திரும்பவும் கார்பனேட்டாகிவிடும். போட்ட காஸ்டிக் முழுவதும் திரும்பி வராது. கழுவலில் கொஞ்சம், மண்டியில் கொஞ்சம் என்று குறையும். சில மில்லி எடுத்து அமிலத்தோடு டைட்ரேட் செய்து, அதாவது அதைச் சமன் செய்ய எவ்வளவு அமிலம் ஆகிறது என்று அளந்து பார்த்து, குறைந்ததை மட்டும் புதுக் காஸ்டிக்கால் ஈடு செய்து அடுத்த சாம்பலைப் போடுங்கள். கழுவலெல்லாம் சேர்ந்து தண்ணீர் அதிகமாகியிருக்கும். ஒரு லிட்டருக்கு வற்றவைக்க மில்லின் மிச்சச் சூடே போதும்.

அடியில் படிந்த வெள்ளைச் சேறு சுமார் 100 கிராம். நன்றாகக் கழுவினால் வெள்ளையடிக்கவும் தரை நிரப்பவும் ஆகும். டெல்டா மண்ணில் போடச் சொல்லமாட்டேன், இங்கே அதற்குத் தேவை இல்லை. புளித்த மண் உள்ள மலைப்பகுதிக்காரர்களுக்கு அது உதவும். பெரிய ஆலைகளில் இதையே சுட்டால் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் திரும்பக் கிடைக்கும், சுற்று முழுமையாகும். 100 கிராமுக்காகச் சூளை மூட்டுவது வீண்.

எடுத்த சிலிக்காவை நான் முதலில் விதைக்குத்தான் பயன்படுத்துகிறேன். நெல் விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதையியலில் பழைய கணக்கு. நம் மழைக்காலத்தில் வெயிலில் காயவைத்த விதையும் திரும்ப ஈரம் இழுத்துக்கொள்ளும். கட்டி சிலிக்காவை மெல்லிய பருத்திப் பையில் கட்டி, மாப்பிள்ளைச் சம்பா விதை இருக்கும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். கடையில் விற்கும் நீல மணி வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, விதையோடும் சாப்பாட்டோடும் வைக்கத் தகாதது. நிறத்துக்குப் பதில் தராசை வைத்துக்கொள்ளுங்கள். பையில் காய்ந்த எடையை எழுதி ஒட்டுங்கள். 100 கிராம் பை 115 ஆனதும் எடுத்து, 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் எடை பழைய இடத்துக்கு வரும், திரும்ப வைக்கலாம்.

மில்லில் எல்லாச் சாம்பலையும் இதற்கே எடுத்துவிடவும் வேண்டாம். பயிர் உறிஞ்சிய சிலிக்கா கொஞ்சமாவது வயலுக்குத் திரும்பினால் தண்டு உறுதியாக நிற்கும். விற்பனை அளவில் செய்ய நினைப்பவர்கள் இயந்திரம் வாங்குவதற்கு முன் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தோடு கழிவுநீர்க் கணக்கையும் ஈடு ஈடாக எழுதிக் கொடுங்கள்: உள்ளே போன காஸ்டிக் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, மண்டியில் தங்கியது எவ்வளவு. இந்த மூன்றையும் முதல் ஈட்டில் இருந்தே ஒரு நோட்டில் எழுதி வந்தால், எந்தக் கட்டத்தில் சோடியம் கசிகிறது என்பது அதிலேயே தெரியும். பெரும்பாலும் அது மண்டி கழுவும் துணியில்தான் இருக்கும். அங்கே இன்னும் ஒரு தடவை வெந்நீர் விடுங்கள்.